மணி அடித்தவன்

கிண்ணியாவில் போய் றுவைஸ் வீடு எது என்று கேட்டால், எந்த றுவைஸ் என்று திருப்பிக் கேட்பார்கள். மணி அடித்த றுவைஸ் என்று சொன்னால் போதும், சின்னப் பிள்ளைகூட வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். கூட்டிக்கொண்டு போகும்போது அதன் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்பை றுவைஸ் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

இப்போது அவன் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி மீன் விற்கிறான். முன்பு அவன் ஐஸ் பக்டரி ஒப்பரேட்டர். திருகோணமலைத் துறைமுகக் குடாவின் உட்கரையில், ஒரு கொம்பனிக்குச் சொந்தமான ஐஸ் பக்டரி. கடலுக்குப் போகிற படகுகள் எல்லாம் அதன் இறங்குதுறையில் வரிசையாக வந்து நின்று ஐஸ் அள்ளிக்கொண்டுதான் போகும். ஐஸ் இல்லாமல் கடலுக்குப் போனவன் கொண்டுவருவது மீன் அல்ல, நாற்றம். ஆகவே ஐஸ் பிந்தினால் படகுக்காரர் போடும் கூச்சல் குடாவின் மறுகரைக்கும் கேட்கும். அந்தக் கூச்சலை றுவைஸ் தன் காதில் பல வருடம் வாங்கியவன்.

தண்ணீரை உறைய வைப்பது அமோனியா. குழாய்க்குள் ஓடும்வரை அது சொன்ன சொல் கேட்கும். வெளியே வந்தால் கண்ணைத் தின்னும், தொண்டையைத் தின்னும், நெஞ்சுக்குள் போய் இருந்துகொள்ளும். அந்த மெஷினில் ஒரு வேலை உண்டு. அமோனியாவோடு சேர்ந்து சுற்றுகிற எண்ணெய் தொட்டியின் அடியில் போய்த் தங்கும். அதை அவ்வப்போது திறந்து வெளியே விடவேண்டும். திறக்கிற வால்வில் ஒரு ஸ்பிரிங் பிடி இருக்கும். கையால் அமத்திப் பிடித்தால் திறக்கும், கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும். எண்ணெய் முடிந்து அமோனியா வருகிற நேரம் மனிதன் கையை விட்டுவிட்டு ஓடுவான், ஓடினாலும் வால்வு மூடிக்கொள்ளட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்துச் செய்த வேலை அது. ஆனால் அந்த எண்ணெய் அவசரப்படாது. கறுப்பாக, தேன்பாகு மாதிரி, மெதுவாகத்தான் இறங்கும். அரை மணித்தியாலம் அந்தப் பிடியை அமத்திக்கொண்டு ஒருவன் நின்ற இடத்தில் நிற்கவேண்டும்.

முன்பு ஒரு வேலை முறைக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் பிடியைப் பிடிப்பான், மற்றவன் ஐஸ் உடைக்கிற மெஷினைப் பார்ப்பான். நாட்டில் பெற்றோலுக்கும் காஸுக்கும் சனம் வரிசையில் நின்ற வருடம், கொம்பனி செலவைக் குறைக்கிறோம் என்று ஒருவனை வீட்டுக்கு அனுப்பியது. நெருக்கடி போனது. வரிசை போனது. வீட்டுக்குப் போனவனை மட்டும் திரும்பக் கூப்பிடவில்லை. மிஞ்சிய ஒருவன் என்ன செய்வான்? அந்தக் கரையில் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தான். வலைநூலை எடுத்துக் கட்டினான்.

அந்தக் கரையில் வலைநூலால் கட்டாத பொருள் கிடையாது. அறுந்த செருப்பு, ஆடுகிற கேற், மோட்டார் சைக்கிளின் மட்கார்ட், கழன்ற கதிரைக் கால், எல்லாவற்றுக்கும் அந்த நீல நூல்தான். சல்லிக் கிராமத்திலும் அப்படித்தான், கிண்ணியாவிலும் அப்படித்தான். சின்ன வயதிலிருந்து கிழிந்த வலை பொத்திய கை, எதையாவது அமத்திப் பிடிக்கவேண்டும் என்றால் முதலில் நூலைத்தான் தேடும். ஆக, ஸ்பிரிங் பிடியை நூலால் கட்டிவிட்டு ஐஸ் மெஷினுக்கு ஓடுவது, எண்ணெய் முடிய முன்னம் திரும்பி வந்து நூலை அவிழ்ப்பது என்று ஒரு வழக்கம் தானாக உண்டாகிவிட்டது. முறை மாறி வேலை பார்த்த மூன்று ஒப்பரேட்டர்களும் கட்டினார்கள். மனேஜர் சசிகரன் அந்தப் பக்கம் வந்தால் கண்ணில் படுகிற இடத்தில்தான் நூல் தொங்கியது. அவர் அதைப் பார்த்தாரா என்றால், பார்த்தார். பார்க்காத மாதிரி நடந்து போனார்.

ஒரு வாடைக் காலத்துக் காலையில் றுவைஸ் பிந்திவிட்டான். ஐஸ் மெஷினில் கட்டி இறுகி நின்றது, படகுக்காரர் தாயைச் சொல்லித் திட்டினார்கள், அவன் ஒரு கம்பியை வைத்து நெம்பிக்கொண்டு நின்றான். அதற்குள் எண்ணெய் முடிந்து அமோனியா பீறியது. திரும்பி ஓடிவந்தவனுக்குக் கதவடியிலேயே மூச்சு நின்றது. பக்டரி முற்றத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், பள்ளிக்கூட மணி மாதிரி. வாயு வந்தால் அடிக்கவேண்டிய மணி. அவன் வேறொன்றும் யோசிக்கவில்லை. இரும்புக் கம்பியை எடுத்து அடித்தான். அடித்த அடியில் இறங்குதுறை, அலுவலகம், பாதையோரத்து வீடுகள் எல்லாம் காலியாகின. சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓடியது. பிறகுதான் அவன் நனைத்த சாரத் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். ஐஸ் ஏற்றுகிற தங்கத்துரை, சல்லிக்காரர், ஐம்பது தாண்டிய மனிதர், பின்னாலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார். றுவைஸ் மீன் வெட்டுகிற கத்தியால் நூலை அறுத்ததும் பிடி துள்ளி மூடிக்கொண்டது.

ஓர் உயிரும் போகவில்லை. தங்கத்துரையின் கண் கொஞ்ச நாள் சிவந்து கிடந்தது, அவ்வளவுதான். மனச்சாட்சி உள்ள ஊரென்றால் றுவைஸுக்கு ஒரு மாலை போட்டிருக்கும். இங்கே பொலிஸ் வந்தது, சுற்றாடல் அதிகாரிகள் வந்தார்கள், பேப்பரில் படம் வந்தது, பக்டரி சில நாள் பூட்டிக் கிடந்தது. கொம்பனிக்குக் கோபம் வந்தது. கொம்பனிக்குக் கோபம் வந்தால் ஒரு கழுத்து வேண்டும்.

விசாரணைக்கு முதல் நாள் சசிகரன் அவனைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். அவர் பாலையூற்றுக்காரர், படித்தவர், கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கொழும்பில் பாதுகாப்பைப் பற்றி ஏதோ ஒரு வகுப்புக்குப் போய் வந்து, சுவரெல்லாம் படம் ஒட்டியவர்.

"உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ, றுவைஸ். பயப்படாதேங்கோ," என்றார். "இது ஆரையும் தண்டிக்கிறதுக்கில்லை. என்ன பிழை நடந்ததெண்டு நாங்கள் படிக்கிறதுக்கு. திரும்ப நடக்கக் கூடாதெல்லே."

றுவைஸ் அதை நம்பினான். நம்பிக்கெட்டவன் என்று ஊரில் ஒரு பட்டியல் போட்டால் அவன் பெயர் முதல் வரிசையில் வரும்.

அடுத்த நாள் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு பேருக்கு முன்னால் அவன் எழும்பி நின்று சொன்னான். "நான்தான் கட்டினனான், சேர். நான் மட்டும் இல்ல, மூணு பேரும் கட்டுற. அரை மணித்தியாலம் அதப் புடிச்சிட்டு நிக்க ஏலா. அங்கால படகுக்காரர் கத்துறாங்க. முந்தி ரெண்டு பேர் இருந்தம், இப்ப ஒராள். அந்த ஆளத் திரும்பப் போடுங்க, சேர். இல்லாட்டி என்னய வெச்சாலும் சரி, வேற ஆள வெச்சாலும் சரி, கட்டத்தான் செய்வாங்க."

வந்தவர்களுக்கு அதில் முதல் இரண்டு சொல் போதுமாக இருந்தது. மற்ற ஒப்பரேட்டர்கள் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். நாங்கள் நூலைக் கண்ணாலும் கண்டதில்லை என்று அவர்கள் அடித்துச் சத்தியம் பண்ணினார்கள். அவர்கள் வேலை தப்பியது. றுவைஸின் வேலை போனது. அவனை அனுப்பும்போது சசிகரன் எழும்பி வாசல் வரை வந்தார். பக்டரி வாசலில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு பலகை மாட்டி, கீழே நாளைக் குறிக்க இடம் விட்டார்கள். நாள் ஏற ஏறத் தொழிலாளருக்குத் தேநீரும் கேக்கும் கொடுத்தார்கள். இரண்டாவது ஆளைப் போடவில்லை. நூலும் போகவில்லை. முன்பு தொங்கின நூல் இப்போது ஒப்பரேட்டரின் சட்டைப் பைக்குள் ஒளிந்துகொண்டது.

அந்த இடத்துக்கு வந்தவன் ஸஜ்ஜாத்.

ஸஜ்ஜாத் வேறு யாருமல்ல, றுவைஸின் மனைவி றிஷானாவின் தம்பி. கட்டாரில் ஒரு குளிர்க்களஞ்சியத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, வேலை இல்லாமல் இருந்தான். சசிகரன்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். உங்கட குடும்பத்துக்கு ஓர் உதவி என்று சொல்லி அனுப்பினாராம். உதவி! ஒருத்தனின் கழுத்தை அறுத்துவிட்டு, அதே கத்தியை மச்சானின் கையில் கொடுத்து, இறைச்சி வெட்டு என்று சொன்ன மாதிரி இருந்தது றுவைஸுக்கு. றிஷானா இரண்டு நாள் சோறு தின்னாமல் திரிந்தாள். புருஷனின் முகத்தைப் பார்ப்பதா, தம்பியின் வயிற்றைப் பார்ப்பதா?

"போகச் சொல்லு," என்றான் றுவைஸ் கடைசியில். "எனக்கு அவனோட என்ன கோவம்? வேலதானே."

வேலைக்குச் சேருவதற்கு முதல் நாள் ஸஜ்ஜாத் வந்தான். இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசமில்லை; சின்ன வயதில் ஒன்றாகத் தோணி ஓட்டியவர்கள், ஒன்றாக அடி வாங்கியவர்கள். மெஷினைப் பற்றி றுவைஸ் எல்லாம் சொன்னான். எந்தக் குழாய் வேர்க்கும், எந்த வால்வு அடம்பிடிக்கும், எந்தச் சத்தம் நல்ல சத்தம், எது கெட்ட சத்தம் என்று ஒன்று விடாமல் சொன்னான். ஸஜ்ஜாத் செருப்பை மாட்டிக்கொண்டு எழும்பிய பிறகு, அவன் கேட்காத ஒன்றையும் றுவைஸ் சொன்னான்.

"மச்சான், என்ன நடந்தாலும் மணியில மட்டும் கை வெச்சிராத. உனக்குள்ள பாத்து முடிச்சிக்க. அடிச்சவன்தான் மாட்டுவான். அடிக்காதவன் இண்டைக்கும் அங்க தேத்தண்ணி குடிச்சிட்டு இரிக்கான்."

ஸஜ்ஜாத் சிரித்தான். "எனக்குத் தெரியாதா, மச்சான்? ஒனக்கு நடந்தத நான் பாத்தவன்தானே," என்றான்.

கசப்பில் சொன்ன சொல் அது. வேலை பறித்தவர்கள் மேல் இருந்த கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் வாசலில் நின்று சொன்ன சொல். ஆனால் சொல்லுக்குக் கோபம் எது, அறிவுரை எது என்று பிரிக்கத் தெரியாது. ஸஜ்ஜாத் அதைத் தொழிலின் ஒரு பாகமாகவே மனதில் எடுத்துக்கொண்டு போனான்.

மீன் வியாபாரிக்கும் ஐஸ் வேண்டும். வேறு எங்கே போவான்? துரத்தப்பட்ட பக்டரியின் ஐஸ் ஜன்னலில்தான் றுவைஸ் தினமும் பெட்டியோடு போய் நின்றான். முதல் சில நாள் உடம்பு கூசியது. பிறகு பழகிவிட்டது. தங்கத்துரை ஒரு துண்டு கூடுதலாகவே அள்ளிப் போடுவார்.

காற்றே இல்லாத ஒரு பின்நேரம். அஸர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் இருக்கும். றுவைஸ் ஜன்னலடியில் நின்று பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். படகுக்காரர் ஐஸ் கேட்டுக் கத்துகிறார்கள், மெஷின் ஓடவில்லை. மூக்கில் ஏதோ சுருக்கென்று குத்தியது. மற்றவர்களுக்கு அது இன்னும் மணக்கவில்லை. அவனுக்கு மணத்தது, அந்த மணத்தோடு குடும்பம் நடத்தியவன் அல்லவா. தலையைத் தூக்கி மெஷின் அறையைப் பார்த்தான். கதவு பூட்டியிருந்தது.

அந்த அறையின் கதவு எப்போதும் பூட்டுப்பட்டதில்லை. உள்ளே இருக்கிற சூட்டுக்குக் கதவை ஒரு கல்லை வைத்துத் திறந்துதான் போட்டிருப்பார்கள். கல் தள்ளிக் கிடந்தது. ஜன்னல் பலகையும் சாத்திக் கிடந்தது. உள்ளே இருக்கிறவன் மணம் அலுவலகத்துக்குப் போகக் கூடாது என்று பூட்டிக்கொண்டு, தனியாக நின்று சமாளிக்கிறான் என்பது றுவைஸுக்கு ஒரு நொடியில் விளங்கியது. ஏன் அப்படிச் செய்கிறான் என்பதும் விளங்கியது. கதவின் கீழ்ச் சந்தால் வெள்ளையாகப் புகை மாதிரி ஒன்று ஊர்ந்து வரத் தொடங்கியது.

றுவைஸ் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். தண்டவாளத் துண்டை அவன் கை தானாகவே தேடிப் பிடித்தது. அடித்தான். கத்திக்கொண்டே அடித்தான். சனம் முன்பு ஓடியதைப் போலவே ஓடியது. அலுவலகத்திலிருந்து சசிகரன் வெளியே வந்து, மணியடியில் நிற்பவனைக் கண்டு மலைத்துப் போய் நின்றார்.

"ஓடுங்க, சேர்! நிக்காதீங்க!" என்று றுவைஸ் கத்தினான்.

தங்கத்துரை குழாயோடு வந்தார். இருவரும் கதவை உடைத்தார்கள். ஸஜ்ஜாத் வால்வடியில் குப்புறக் கிடந்தான். விரல்கள் நூலில் சிக்கியிருந்தன. வலைக்காரன் போட்ட முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். கண் தெரியாமல் அதை அவிழ்க்கப் பார்த்திருக்கிறான். இடுப்பில் கத்தி இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை, அல்லது நேரம் இருக்கவில்லை. றுவைஸ் நூலை அறுத்தான், மச்சானை முற்றத்துக்கு இழுத்துவந்து போட்டான். தங்கத்துரை அவன் கண்ணில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அழுதார்.

"ஐயோ தம்பி, ஒரு சத்தம் போட்டிருக்கலாமேடா," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். தொண்டை வெந்து போனதால் குரல் காற்றாகத்தான் வந்தது. றுவைஸ் கட்டிலடியில் போய் நின்றதும், காலடிச் சத்தத்தில் ஆளை அடையாளம் கண்டு கையை நீட்டினான்.

"மச்சான்... மணி சத்தம் கேட்டது."

"ஓம்."

"நான் அடிக்கல்ல, மச்சான். அல்லாமேல ஆணையா நான் அடிக்கல்ல. அவங்ககிட்டச் சொல்லு." அவன் மூச்சை இழுத்து இழுத்து எடுத்தான். "ஆர் அடிச்ச?"

"நான்தான்."

ஸஜ்ஜாத்தின் முகம் தெளிந்தது. "அப்ப சரி," என்றான். "அப்ப என்ட வேல போகாது."

றுவைஸ் வெளியே வந்து தண்ணீர் பைப்படியில் குந்தினான். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். கண் போனவன் கண்ணைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்கிறான். பயம் ஒரு மனிதனுக்குள் அவ்வளவு ஆழத்துக்குப் போயிருந்தது. அதைக் கொண்டுபோய் வைத்தது கொம்பனி. தட்டி இறுக்கியது தன்னுடைய சொல். இதை நினைத்தபோது அவனுக்குத் தன் நாக்கை இழுத்து அறுத்துப் போடலாம் போல இருந்தது.

கொழும்புக்குக் கொண்டுபோயும் கண் திரும்பவில்லை. குரலும் அரைவாசிதான் திரும்பியது.

மறுபடியும் விசாரணை. மறுபடியும் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர், இந்த முறை தமிழ் தெரியாதவர்கள். சசிகரன் பக்கத்தில் இருந்து சிங்களத்தில் மாற்றிச் சொன்னார். மணி அடித்த வெளியாள் என்று றுவைஸையும் கூப்பிட்டிருந்தார்கள். போகவேண்டாம் என்று றிஷானா தடுத்தாள்.

"போன முறை வாயத் துறந்து என்ன கண்டீங்க?" என்று கேட்டாள். "தெரியா எண்டு சொல்லிட்டு வாங்க. எல்லாரும் சொல்றதத்தானே."

அவன் போனான். உண்மை சொன்னால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டே போனான். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு ஸஜ்ஜாத்தோடு இது நிற்காது என்று அவனுக்குத் தெரியும். நூலைப் பற்றிச் சொன்னான், ஆள் இல்லாததைப் பற்றிச் சொன்னான். பிறகு, யாரும் கேட்காமலே, தன்னைப் பற்றியும் சொன்னான்.

"மணி அடிக்காதடா எண்டு அவனுக்குச் சொன்னது நான்தான். அது என்ட குத்தம். அத நான் உங்களிட்டத்தான் படிச்சன், சேர். மணி அடிச்சவன வீட்டுக்கு அனுப்பினீங்க. நூல் கட்டிட்டு இல்லயெண்டு சொன்னவன வெச்சிக்கிட்டீங்க. நாங்க படிச்சது அதான். ஸஜ்ஜாத் நல்லாப் படிச்சான்."

சசிகரன் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நின்றார். றுவைஸுக்கும் சிங்களம் கொஞ்சம் தெரியும். மணி அடிக்காதே என்று நான்தான் சொன்னேன் என்பது வரை அவர் சொன்னார். மிச்சத்தைச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு கழுத்துக்கு இரண்டு கழுத்துக் கிடைத்துவிட்டது.

"மிச்சத்தையும் சொல்லுங்க, சேர்," என்றான் றுவைஸ்.

"போதும் றுவைஸ், விளங்கிட்டுது," என்றார் சசிகரன். அவர் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

முடிவு இப்படி வந்தது. விபத்துக்குக் காரணம் ஸஜ்ஜாத்தின் கவனயீனம். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் பொறாமை காரணமாகத் தொழிலாளியைத் தவறாக வழிநடத்தியிருக்கிறார். அவர் இனி பக்டரி வளவுக்குள் வரக் கூடாது. பாதுகாப்புப் பொறிமுறை பலப்படுத்தப்படும். பலப்படுத்தினார்கள்தான். தண்டவாளத் துண்டுக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்து, பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை வைத்தார்கள்: முகாமையாளரின் அனுமதியின்றி அடிக்கக் கூடாது. விபத்தில்லாத நாட்களை அழித்துவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள்.

பொறாமை என்ற சொல் பக்டரிக்குள் நிற்கவில்லை. அது பாலத்தைத் தாண்டிக் கிண்ணியாவுக்கு அவனுக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டது. ஸஜ்ஜாத்தின் மனைவி சனூஸா, கண் தெரியாத புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, றுவைஸ் கொண்டுபோன மீன் பையை வாங்காமல் நின்றாள்.

"நானா, உங்கட வாய்தான் இவர்ர கண்ணத் திண்டது," என்றாள், அண்ணன் என்று கூப்பிட்ட அதே வாயால். "இனி இஞ்ச வராதீங்க."

ஸஜ்ஜாத் ஏதோ சொல்ல முயன்றான். தொண்டை வழி விடவில்லை. தலையை மட்டும் இல்லை இல்லை என்று ஆட்டினான். சனூஸா அவனைத் திருப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். றிஷானாவும் அன்றிலிருந்து புருஷனோடு தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறாள். சோறு போடுகிறாள், உடுப்புத் துவைக்கிறாள், தம்பியின் பெயரை மட்டும் அவன் முன்னால் எடுப்பதில்லை.

இப்போது றுவைஸ் ஐஸுக்கு வேறு பக்கம் போகிறான், தூரம் கூட. பக்டரிக்குக் கொஞ்சம் தள்ளிப் பாதையோரத்தில் ஒரு வேப்பமரத்தின் கீழ் நின்று மீன் விற்கிறான். வேலை முடிந்து வருகிற தங்கத்துரை சைக்கிளை நிறுத்திக் கதைத்துவிட்டுப் போவார். உள்ளே நடப்பதை அவர் சொல்லுவார். ஸஜ்ஜாத்தின் இடத்துக்குப் பஹ்மி என்று மூதூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் வந்திருக்கிறான், நல்ல மனிதன், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன்.

"கேள் தம்பி, போன கிழமையும் மணம் வந்தது," என்றார் ஒருநாள். "எனக்குக் கண் எரிஞ்சது. ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்ல. பலகையில நாள் ஏறிக்கொண்டு போகுது. கேக் வரப் போகுதாம்."

சில நாள் கழித்துப் பஹ்மியே வந்தான். பாரை மீன் இருக்கிறதா என்று கேட்டான், செவுளைத் தூக்கிப் பார்த்தான், விலை கேட்டான். மீன் வாங்க வந்தவன் இவ்வளவு நேரம் செவுளைப் பார்க்கமாட்டான் என்று றுவைஸுக்குத் தெரியும். வேறு ஆட்கள் போகும்வரை பஹ்மி நின்றான்.

"நானா, ஒண்டு கேக்கணும். கோவிக்கப்படாது," என்றான். "மணம் வந்தா என்ன செய்ற?"

றுவைஸ் கத்தியை வைத்தான். இதே கேள்விக்கு, அன்றைக்கு யாரும் கேட்காமலே வாசலில் நின்று பதில் சொன்னவன் அவன். அந்தப் பதில் இப்போது கண்ணில்லாமல் ஒரு கதிரையில் இருக்கிறது.

"அடி," என்றான். "பலகையப் பாக்காத, மனேஜரப் பாக்காத. அடிச்சிட்டுக் காத்துக்கு எதிரா ஓடு. கத்திய இடுப்பில வெச்சிராத, கையில வெச்சிரு."

"அடிச்சா வேல போகுமே, நானா."

"ஓம், போகும். உண்மையச் சொன்னா இன்னும் கெதியாப் போகும். போனா என்னட்ட வா. இந்த றோட்டில பாதிய உனக்குத் தாறன்."

பஹ்மி சிரித்தான். றுவைஸும் சிரித்தான். சிரிக்கிற விஷயம் இல்லை என்று இருவருக்கும் தெரிந்தே இருந்தது. றுவைஸ் மீனைத் துண்டாக்கிப் பையில் போட்டுக் கொடுத்தான். காசு எடுக்கப் பஹ்மி சட்டைப் பைக்குள் கையை விட்டான். காசோடு சேர்ந்து ஒரு சாண் நீல நூல் வெளியே வந்து, மீன் செதிளுக்கு மேல் விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"ரெண்டாவது ஆள் கேட்டியா?" என்றான் றுவைஸ்.

"கேட்டனான், நானா. போடுறாங்களாம்."

பஹ்மி குனிந்து நூலை எடுத்தான். ஒட்டியிருந்த செதிளைச் சாரத்தில் துடைத்தான். பிறகு அதைக் கவனமாகச் சுற்றி, மறுபடியும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.